கிணற்றிலிருந்து குசினி வரை: பைப் பிற்றிங்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

கொண்டாவிலில் அம்மாவின் வீட்டைத் திருத்தியபோது பைப் வேலைக்கு நான் ஒதுக்கியது இரண்டு நாள். வேலை முடிந்தது பதினோராம் நாள். அதற்குள் கடைக்கு ஒன்பது தடவை போய்வந்தேன். "அரை இஞ்சி எல்போ பத்து" என்று சொல்லி வாங்கி வருவேன். அதில் நாலு பொருந்தும், மிச்சத்துக்கு மரை, அதாவது முறுக்கிப் பூட்டும் புரி, வேண்டியிருக்கும். மரை உள்ளதை வாங்கி வந்தால் மரை வெளியில் இருக்கும், எங்களுக்குத் தேவை உள்ளே. பிளம்பர் குந்தியிருப்பார், நாள் கூலி ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு குழாயும் இன்னொரு குழாயும் சேரும் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். குழாயின் வெளிவிட்டம் என்ன? ஒட்டுகிற இணைப்பா, முறுக்குகிற இணைப்பா? முறுக்குவதென்றால் மரை வெளியிலா, உள்ளேயா? இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் ஒரே பயணத்தில் வாங்கிவிடலாம்.

1. வீட்டைச் சுற்றி நடந்து வரையுங்கள்

ஒரு கொப்பி, பென்சில், அளவு நாடா. கிணற்றடியில் தொடங்குங்கள். கிணற்றிலிருந்து மோட்டர், மோட்டரிலிருந்து மேல்தாங்கி, தாங்கியிலிருந்து குளியலறை, மலசலகூடம், குசினி, வளவுக் குழாய் என்று தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து கோடு போடுங்கள். கோடு திரும்பும், பிரியும், முடியும் இடமெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிற்றிங், அதாவது குழாய்களைச் சேர்க்கும் துண்டு. திரும்பினால் எல்போ, பிரிந்தால் ரீ, நேராக நீண்டால் சொக்கற், அளவு குறைந்தால் ரெடியூசர், முடிந்தால் என்ட் கப், பிறகு கழற்ற வேண்டி வரும் இடத்தில் யூனியன்.

நேர் ஓட்டங்களில் சொக்கற் கணக்கு தப்புவது வழக்கம். எங்கள் கடைகளில் பிவிசி குழாய் பெரும்பாலும் 4 மீற்றர் நீளத்தில், அதாவது ஏறக்குறைய 13 அடியில் வரும். கிணற்றடியிலிருந்து வீட்டுச் சுவர் 10 மீற்றர் என்றால் மூன்று குழாய், நடுவில் இரண்டு சொக்கற். ஒரு முனை அகட்டி வரும் குழாயாக இருந்தால் அந்தச் சொக்கற் தேவையில்லை. வாங்குமுன் குழாயின் முனையைப் பாருங்கள்.

வரைந்த தாளைப் பிளம்பரிடம் ஒருமுறை காட்டுங்கள். "தம்பி, இதில ஏதும் விடுபட்டிருக்கோ?" என்று கேட்டால் நல்ல வேலைகாரர் அந்த இடத்திலேயே இரண்டு மூன்று புள்ளி கூட்டித் தருவார். என் தாளில் விடுபட்டது மோட்டருக்கு இரண்டு பக்கமும் வேண்டிய யூனியன்.

2. விட்டத்தை நூலால் அளவுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடையில் எல்லோரும் இஞ்சியில் பேசுவார்கள்: அரை, முக்கால், ஒண்டு, ஒண்டேகால், ஒண்டரை, ரெண்டு. குழாயின் மேல் அச்சடித்திருப்பதோ மில்லிமீற்றர். நீங்கள் அரை இஞ்சிக் குழாய் என்று கேட்டு வாங்குவதை எந்தப் பக்கம் அளந்தாலும் அரை இஞ்சி வராது. அது பெயர் மட்டும். பிற்றிங்குக்குத் தேவையானது வெளிவிட்டம், ஏனென்றால் குழாய்தான் பிற்றிங்குக்குள் போய் உட்காருகிறது.

பிவிசி அழுத்தக் குழாய்களின் வெளிவிட்டம் இப்படி வரும்: அரை இஞ்சி 20 மில்லிமீற்றர், முக்கால் 25, ஒரு இஞ்சி 32, ஒண்டேகால் 40, ஒண்டரை 50, ரெண்டு 63, மூன்று 90, நாலு 110.

பழைய வீட்டில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு எந்த அளவு என்று தெரியாவிட்டால் விட்டம் அளக்கும் வேணியர் கருவி தேட வேண்டாம். தையல் நூலைக் குழாயைச் சுற்றி ஒரு முறை இறுக்கமாகச் சுற்றி, சேரும் இடத்தில் பேனையால் குறித்து, விரித்து அளவுங்கள். அந்த நீளம் 63 மில்லிமீற்றர் என்றால் அது 20 மில்லிமீற்றர்க் குழாய், கடையில் அரை இஞ்சி. 79 வந்தால் முக்கால், 101 வந்தால் ஒரு இஞ்சி, 126 வந்தால் ஒண்டேகால், 157 வந்தால் ஒண்டரை, 198 வந்தால் ரெண்டு. நூலின் நீளத்தையே விட்டம் என்று எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். கடையில் 63 என்றால் இரண்டு இஞ்சியை எடுத்துத் தந்துவிடுவார்கள்.

நூல் 67 காட்டினால்? அல்லது 84.5, அல்லது 106? அப்படியென்றால் அது பிவிசி அல்ல, பழைய ஜிஐ இரும்புக் குழாய். மேலே பெயின்ற் அடித்திருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரும்பில் அரை இஞ்சி என்பது 21.3 மில்லிமீற்றர், ஒரு இஞ்சி 33.7. பிவிசி பிற்றிங் அதன் மேல் ஏறாது. தட்டி ஏற்றினால் வெடிக்கும். இரும்பையும் பிவிசியையும் சேர்க்க வழக்கமான வழி மரைதான், அதை நாலாவதில் சொல்கிறேன்.

இன்னொன்று, ரைப் 1000, ரைப் 600, ரைப் 400 என்று கேள்விப்படுவீர்கள். அந்த எண் குழாய் தாங்கும் அழுத்தம், கிலோபாஸ்கலில். எண் குறைந்தால் சுவர் மெல்லிசாகும், வெளிவிட்டம் மாறாது. அதனால் ஒரே பிற்றிங் மூன்றுக்கும் பொருந்தும். பொருந்துகிறதே என்று மோட்டர் லைனுக்கு மெல்லிய குழாயை வாங்கிவிட வேண்டாம். மோட்டரிலிருந்து ஏறும் குழாய்க்கும் சுவருக்குள் புதைக்கும் குழாய்க்கும் ரைப் 1000 போடுங்கள். குழாயில் வேறு எழுத்தும் எண்ணும் இருந்தால், "இது பழைய ரைப் 1000க்குச் சமமோ அண்ணை?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 147 குழாயில் அச்சடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. குழாய் எந்த இனம்?

பிவிசியைப் பசையால் ஒட்டலாம். எங்கள் ஊரில் எந்தக் கொம்பனிக் குழாயையும் எஸ்லோன் பைப் என்றுதான் சொல்வோம், அது பழகிப்போன பேச்சு. அந்தப் பசை வேலை செய்வது பிவிசியில் மட்டும்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கறுப்பு அல்லது நீலக் கோடு போட்ட, வளையக்கூடிய பொலித்தீன் குழாய் பசைக்கு ஒட்டாது. எவ்வளவு பூசினாலும் மறுநாள் கையோடு வரும். அதற்கு நெட்டு இறுக்கும் கொம்பிரெஷன் பிற்றிங் வேண்டும். நீர் வழங்கல் சபையின் இணைப்பு உங்கள் வீதிக்கு வந்திருந்தால் வாசலில் இந்த வகைக் குழாயைப் பார்க்கக்கூடும். மீற்றருக்கு முன்னால் உள்ள எதையும் நீங்களோ உங்கள் பிளம்பரோ தொடக்கூடாது. மீற்றருக்குப் பிறகு உங்கள் பொறுப்பு. கிணற்று லைனையும் சபை லைனையும் ஒரு ரீ போட்டு ஒன்றாக்கிவிட வேண்டாம். வால்வ் ஒன்று கசிந்தால் கிணற்றுத் தண்ணீர் வீதிக் குழாய்க்குள் போய், அயலவரின் குடிதண்ணீரில் கலக்கும்.

பச்சை அல்லது வெள்ளை நிறத்தில் தடித்த சுவரோடு வருவது பிபிஆர். அதைச் சூடுகாட்டி உருக்கிச் சேர்ப்பார்கள், அதற்கு மெஷின் உள்ளவர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களுக்காகச் சுடுதண்ணீர் ஹீற்றர் பூட்டுகிறீர்களா? அந்த ஒரு லைனைப் பிபிஆரில் அல்லது சுடுதண்ணீருக்கென்று வரும் சிபிவிசியில் போடுங்கள். சாதாரணப் பிவிசி 60 பாகைக்கு மேல் தளர்ந்துவிடும். சிபிவிசிக்குப் பசையும் வேறு, அளவும் வேறு. பிவிசி எல்போவைக் கொண்டு போய் அதில் பூட்ட முடியாது.

4. ஒட்டும் முனையா, மரை முனையா?

கடையில் தடுமாற வைத்த இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். வால்வ் சொக்கற் என்றால் ஒரு பக்கம் குழாய் ஒட்டும், மறுபக்கம் வெளிமரை. ஃபோசெற் சொக்கற் என்றால் ஒரு பக்கம் குழாய் ஒட்டும், மறுபக்கம் உள்மரை. ஃபோசெற் எல்போ, ஃபோசெற் ரீ என்பவையும் அப்படியே, ஒரு வாயில் உள்மரை இருக்கும். இந்த இரண்டு பெயரும் மனதில் நின்றால் பாதிச் சிக்கல் தீரும்.

எதை எங்கே போடுவது? எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர் திறக்கும் ரப்பின் பின்பக்கம் வெளிமரை, ஆகவே சுவருக்குள் இருப்பது உள்மரை உள்ள ஃபோசெற் எல்போ. மோட்டரின் வாய் உள்மரை, ஆகவே அதற்குள் போவது வால்வ் சொக்கற். பித்தளைக் கேற் வால்வின் இரண்டு பக்கமும் உள்மரை, ஆகவே இரண்டு வால்வ் சொக்கற்.

இப்போது என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். குளியலறையில் முழுவதும் பிளாஸ்ரிக்கால் ஆன ஃபோசெற் எல்போவைச் சுவருக்குள் வைத்துப் பூசி, மேலே ரைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. பிறகு பித்தளை ரப்பை முறுக்கினோம். கொஞ்சம் கசிந்ததால் ஸ்பனர் போட்டு இன்னும் இறுக்கினோம். கசிவு நின்றது. ஒரு கிழமை கழித்து அடுத்த அறைச் சுவரில் ஈரம் படர்ந்தது. உடைத்துப் பார்த்தால் எல்போவின் வாயில் தலைமயிர் போல ஒரு வெடிப்பு. உலோக வெளிமரை உள்ளே போகப் போக, பிளாஸ்ரிக் வாய் அகன்று பிளந்திருக்கிறது.

ஆகவே, உலோகம் முறுக்கப்படும் இடத்தில் பித்தளை மரை பதித்த ஃபோசெற் எல்போ மட்டும் வாங்குங்கள். பார்த்தால் வாய்க்குள் மஞ்சள் வளையம் தெரியும். விலை பல மடங்கு கூட. ஆனால் சுவருக்குள் போகிற பொருள், வீட்டுக்கு ஏழெட்டுத்தான் தேவைப்படும். மற்றப்படி, பிளாஸ்ரிக் வெளிமரை உலோக உள்மரைக்குள் போவதில் இந்த ஆபத்துக் குறைவு, ஏனென்றால் உலோகம் சுற்றிப் பிடித்திருக்கிறது.

கசியாமல் மரையில் சுற்றும் திரெட் ரேப்பைச் சுற்றும் முறை: மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, மணிக்கூடு சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது சுருண்டு வெளியே வரும். எங்கள் கடைகளில் கிடைக்கும் மெல்லிய ரேப் என்றால் பத்துச் சுற்றுக்குக் குறைய வேண்டாம். கையால் முடிந்த மட்டும் முறுக்கி, பிறகு ஸ்பனரால் ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று. அதற்கு மேலும் கசிந்தால் கழற்றி ரேப்பை மாற்றுங்கள். இன்னும் இறுக்கினால் என் எல்போவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

கனடாவிலிருந்து யாராவது ஷவரோ ரப்போ கொண்டுவந்திருந்தால் தனியாகக் கவனியுங்கள். இலங்கையில் உள்ளது பிரித்தானிய மரை, கனடாவிலும் அமெரிக்காவிலும் வேறு மரை. அரை இஞ்சியில் இரண்டுக்கும் ஓர் அங்குலத்தில் 14 புரிதான், அதனால் முறுக்கினால் போகும், சரியாக இருப்பது போலவே இருக்கும். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. ரேப் எவ்வளவு சுற்றினாலும் பின்னால் கசியும். லண்டனில் வாங்கியது என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. கனடா ஷவரைப் பூட்டியே ஆக வேண்டுமென்றால் மரை மாற்றும் அடப்ரரையும் அங்கிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள்.

5. கிணற்றுப் பக்கம்: கண்ணுக்குத் தெரியாத கசிவு

மோட்டரிலிருந்து தாங்கிக்குப் போகும் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வரும், நீங்கள் காண்பீர்கள். கிணற்றிலிருந்து மோட்டருக்கு வரும் உறிஞ்சு குழாயில் ஓட்டை இருந்தால் ஒரு துளியும் வெளியே வராது. காற்று உள்ளே போகும். மோட்டர் ஓடும், சத்தம் மாறும், தண்ணீர் மெலிந்து விட்டு விட்டு வரும். எல்லோரும் மோட்டரைத்தான் குறை சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் மோட்டரைக் கழற்றி இரண்டு தடவை திருத்தக் கொடுத்தோம். கடைசியில் குற்றம், சரியாக ஒட்டாத ஒரு சொக்கற்றில்.

இந்தப் பக்கத்தில் இணைப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கிணற்றுக்குள் இறங்கும் குழாயை முடிந்தவரை ஒரே நீளத்தில் எடுங்கள். மேலே ஒரு திருப்பம் போதும், அதையும் கூர்மையான எல்போவாக இல்லாமல் வளைந்த பெண்டாகப் போடுங்கள். மோட்டர் வாய் ஒரு இஞ்சி என்றால் உறிஞ்சு குழாய் அதற்குக் குறையக்கூடாது. ஒண்டேகால் போட்டு மோட்டர் வாயில் மட்டும் ரெடியூசர் வைத்தால் இன்னும் சுகம். படுக்கையாக வரும் பகுதி மோட்டரை நோக்கிச் சற்று ஏறியே வர வேண்டும். நடுவில் மேடு விழுந்தால் அங்கே காற்று தங்கும்.

அடியில் ஃபுட் வால்வ். அது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வ், மோட்டர் நின்றதும் தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பாமல் பிடிக்கிறது. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்தலில் வெள்ளை படியும் அதே சுண்ணாம்பு, மலிந்த வால்வின் மூடியிலும் படிந்து மூட விடாமல் செய்யும். இதில் காசு பார்க்காமல் பித்தளை வாங்குங்கள். அடிச்சேறு வராமல் கிணற்றின் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி மேலே நிற்கட்டும்.

அந்த உயரத்தை எப்போது தீர்மானிப்பது? மாரி மழைக்கு முன், ஆவணி புரட்டாதியில், தண்ணீர் ஆகக் கீழே இறங்கியிருக்கும்போது. மார்கழியில் கிணறு நிரம்பியிருக்கும்போது அளந்து போட்டால் அடுத்த கோடையில் ஃபுட் வால்வ் காற்றில் தொங்கும். தண்ணீர் மட்டத்துக்கும் மோட்டருக்கும் இடையே 7 மீற்றருக்கு மேல் போனால் மேலே வைக்கும் சாதாரண மோட்டர் திணறும். அப்போது கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்க வேண்டும், அல்லது நீர்மூழ்கி மோட்டர் போட வேண்டும்.

மோட்டரின் இரண்டு பக்கமும் யூனியன் போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் குழாயை அறுக்க வேண்டி வரும். கடலோர ஊர்களில் கிணறு உவர் என்றால் ஜிஐ நிப்பிள், ஜிஐ யூனியன் எதுவும் வேண்டாம், கறள் பிடித்துக் கழற்ற முடியாமல் போகும்.

6. தாங்கியிலிருந்து கீழே

தாங்கியின் அடியிலிருந்து ரப் வரை 5 மீற்றர் உயரம் என்றால் உங்களுக்குக் கிடைக்கும் அழுத்தம் 50 கிலோபாஸ்கல் அளவுதான். ரைப் 1000 குழாய் தாங்குவதில் இருபதில் ஒரு பங்கு. குழாய் வெடிக்கும் என்ற பயம் இங்கே தேவையில்லை. தண்ணீர் மெலிந்து வருவதுதான் பிரச்சினை. அதனால் தாங்கியிலிருந்து இறங்கும் பிரதான குழாயை ஒரு இஞ்சியில் கொண்டுவந்து, அறைகளுக்குப் பிரியும்போது முக்காலாக்கி, ரப்புக்குப் போகும் கடைசித் துண்டில் மட்டும் அரை இஞ்சியாக்குங்கள். தாங்கி வாயிலேயே அரை இஞ்சியாகக் குறைத்துவிட்ட வீடுகளில் குசினியில் ரப் திறந்தால் ஷவர் நின்றுவிடும்.

பிரியும் இடத்தில் ஒரு இஞ்சி ரீயும் தனி ரெடியூசரும் வாங்குவதை விட, ரெடியூசிங் ரீ என்று கேட்டு வாங்கினால் ஓர் இணைப்புக் குறையும்.

தாங்கியில் குழாயைப் பூட்டும் ராங் கனெக்ரர் வாங்கும்போது ரப்பர் வாசர் இருக்கிறதா என்று பொதியைத் திறந்து பாருங்கள். கீழே தொங்கும் குழாயின் பாரம் கனெக்ரரில் விழாதபடி சுவரில் கிளிப் அடியுங்கள். வழிந்தோடும் குழாய் தாங்கிக்கு ஏறும் குழாயை விட ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். வெளியே வெயில் படும் பிவிசி நாள்பட நொறுங்கும் தன்மைக்கு வரும், பெயின்ற் அடித்துவிடுங்கள்.

ஒவ்வோர் அறைக்கும் ஒரு வால்வ் போடுங்கள். எங்கள் தண்ணீருக்குக் கேற் வால்வை விட, உள்ளே உருண்டை திரும்பி மூடும் "போல் வால்வ்" நல்லது என்பது என் முடிவு. கேற் வால்வின் அடித்தவாளிப்பில் சுண்ணாம்பு சேர்ந்தால் முழுதாக மூடாது.

7. கழிவுக் குழாய்க்கு வேறு பிற்றிங்

110 மில்லிமீற்றர் கழிவுக் குழாய்க்கு அழுத்த எல்போவும் நேர் ரீயும் போட்டால் அடைக்கும். ஓடும் திசையில் சரிந்து சேரும் ரீ, 45 பாகைப் பெண்டுகள் இரண்டு சேர்த்த திருப்பம், திருப்பங்களில் மூடி திறக்கும் பெண்டு என்று கேளுங்கள். சரிவு 40 மீற்றருக்கு 1 மீற்றர், அதாவது ஒரு மீற்றருக்கு 25 மில்லிமீற்றர்.

8. கடைக்குப் போகும் நாள்

பழைய குழாயின் ஒரு துண்டை, ஒரு விரல் நீளம் போதும், அறுத்துக் கையில் கொண்டு போங்கள். கழற்றிய ரப், பழைய வால்வ் இருந்தால் அவற்றையும். பெயர் தெரியாவிட்டாலும் பொருள் பேசும்.

பட்டியலை இந்த வரிசையில் எழுதுங்கள்: பிற்றிங்கின் பெயர், மில்லிமீற்றர், ஒட்டா மரையா, எண்ணிக்கை. கடையிலேயே குழாய்த் துண்டை ஒவ்வோர் அளவு பிற்றிங்குக்குள்ளும் செருகிப் பாருங்கள். பசை இல்லாமல் கையால் தள்ளும்போது பாதி ஆழம் வரை போய் இறுக வேண்டும். அடிவரை லொடலொடவென்று போனால் வேண்டாம். முழு வீட்டையும் ஒரே கொம்பனிக் குழாய், அதே கொம்பனிப் பிற்றிங் என்று வாங்கினால் இந்தச் சிக்கல் குறையும்.

காசு கொடுக்குமுன் கேட்க வேண்டியது: "மிஞ்சினதைத் திருப்பி எடுப்பீங்களோ? எத்தனை நாளுக்குள்ள?" ஆம் என்றால் அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை நம்பி நான் ஒரு பை நிறையப் பிற்றிங்ஸோடு இன்னும் இருக்கிறேன். பில்லில் "பிற்றிங்ஸ்" என்று ஒரே வரியில் போடவிடாமல், அளவும் ரைப்பும் கொம்பனியும் தனித்தனியே போட வையுங்கள். மோட்டரின் உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் அன்றைக்கே விழ வேண்டும்.

செலவு பற்றி: நான் வாங்கிய சமயம் அரை இஞ்சி எல்போ ஒன்று நூறு ரூபாவுக்கும் குறைவு, பிளம்பரின் நாள் கூலி 5,000 ரூபா. ஒரு எல்போ குறைந்ததால் அரை நாள் வேலை நின்றால் நட்டம் 2,500 ரூபா. ஆகவே எல்போ, சொக்கற், ரீ ஒவ்வோர் அளவிலும் இரண்டு மூன்று கூட வாங்குவது வீண்செலவு அல்ல. பித்தளை வால்வுகள்தான் பில்லைத் தூக்கும். அவற்றை மட்டும் சரியாக எண்ணி வாங்குங்கள்.

காலம்: ஞாயிறில் வேலை வைக்காதீர்கள், பல கடை பூட்டு, ஒரு பிற்றிங் குறைந்தாலும் திங்கள் வரை காத்திருக்க வேண்டும். நல்லூர்க் கொடியேறும் காலத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடியிருக்கும். வெளிநாட்டுக்காரர் வந்திறங்கும் காலமும் அதுதான், நல்ல பிளம்பர் கிடைப்பது கடினம். ஃபுட் வால்வின் உயரத்தை அந்த மாதங்களில் அளந்து குறித்துவைத்து, திருவிழா முடிந்ததும் மழைக்கு முன் வேலையைப் பிடியுங்கள்.

9. ஒட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பிவிசிப் பசை சாதாரணக் கோந்து போன்றது அல்ல. அது பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. அதனால் தூசியோ ஈரமோ இருந்தால் பிடிக்காது. குழாயைச் செங்குத்தாக அறுத்து, பிசிறைச் சீவி, அரத்தாளால் முனையையும் பிற்றிங்கின் உள்ளையும் தேய்த்து, துணியால் துடையுங்கள். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று குழாயில் பென்சிலால் கோடு. பசையை இரண்டிலும் மெல்லிசாகப் பூசி, கால் சுற்றுத் திருப்பியபடி கோடு வரை தள்ளி, முப்பது எண்ணும்வரை பிடியுங்கள். விட்டதும் பின்னால் தள்ளி வரப் பார்க்கும், அதற்காகத்தான் பிடிப்பது.

எங்கள் வெயிலில் பசை தூரிகையிலேயே காய்ந்துவிடும். காலையில் அல்லது பின்னேரம் ஒட்டுங்கள். பாகு போலத் தடித்த பசையை எறிந்துவிடுங்கள், சின்ன ரின்னாக வாங்குங்கள். பூட்டிய அறைக்குள் ஒட்ட வேண்டாம், பக்கத்தில் நெருப்பும் வேண்டாம்.

பிளம்பர் அவசரத்தில் அரத்தாளை விட்டுவிடுவார். என் உறிஞ்சு குழாயில் நடந்தது அதுதான். "தம்பி, தேய்ச்சிட்டு ஒட்டுங்கோ" என்று நான் பிறகு ஒவ்வோர் இணைப்புக்கும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

10. பூசுவதற்கு முன்

கடைசி ஒட்டு முடிந்து 24 மணித்தியாலம் தண்ணீர் விடாதீர்கள். பிறகு ரப் வரும் வாய்களில் மரைப் பிளக் முறுக்கி, தாங்கியை நிரப்பி, வால்வுகளைத் திறந்து இன்னொரு முழு நாள் விடுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த ரிஷுத்தாளால் சுற்றித் துடையுங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும். மேசன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த இரண்டு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சுவர் திறந்திருக்கும்போதே அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். நிலத்திலிருந்து எத்தனை அடியில், கதவு நிலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் குழாய் போகிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். அந்தப் படங்கள், உங்கள் வரைபடம், பில், மோட்டர் அட்டை எல்லாம் ஒரே உறைக்குள். எங்கள் வீட்டில் அது மின்சாரப் பில்களோடு அலுமாரியில் இருக்கிறது. வால்வுகள் ஒவ்வொன்றிலும் எந்த அறைக்கு என்று எழுதிக் கட்டி, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் மூடித் திறந்துவிடுங்கள், சுண்ணாம்பு இறுகாது.